பெட்டிக்குள் பன்னிரண்டு வோல்ட்

நாகேந்திரத்தின் மோட்டார் சைக்கிள் அவரைவிடப் பதினைந்து வயது இளையது. பார்வை மட்டும் அவருடையதைவிட மோசம். ஆறு வோல்ட் பற்றரியில் எரியும் அதன் முன்விளக்கு, வண்டி ஓடும்போது மஞ்சளாகவும் சந்தியில் நிற்கும்போது சிவப்பாகவும் இருக்கும். மழை வந்தால் மரியாதைக்கு எரியும். அப்படி ஒரு மழையில்தான், யாரோ தோண்டிவிட்டு மறந்துபோன குழி ஒன்றுக்குள் அவரும் அவருக்குப் பின்னால் இருந்த மனைவி அருள்நாயகியும் வண்டியோடு இறங்கினார்கள். அவருக்கு முழங்கால் உரஞ்சியது. அவளுக்குச் சேலை போயிற்று.

"லைற்றை மாத்துங்கோ. இல்லாட்டி நான் பஸ்ஸில வாறன், நீங்கள் உதில தனிய வாங்கோ" என்றாள்.

"மாத்தினா ஒரிஜினல் போயிடும், அருள்."

"நான் போனாப் பரவாயில்லையோ?"

நாகேந்திரம் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கட்டடப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் அளந்துதான் பதில் சொல்லுவார். இந்தக் கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் அருள்நாயகிக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய சங்கடம் அவளுக்குத் தெரியாததல்ல. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குக் கொழும்பில் ஒரு கிளப் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை எல்லா வண்டிகளையும் புல்வெளியில் வரிசையாக விட்டு, தொழிற்சாலையில் பிறந்த கோலத்திலேயே இருக்கும் வண்டிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். அதைத் தீர்மானிப்பவர் ஹேவாவசம் என்ற சிங்களவர், ஓய்வு பெற்ற தேயிலைத் தோட்டத் துரை. புதிய ஆணி ஒன்றைக் கண்டாலும் புள்ளியை வெட்டிவிடுவார். நாகேந்திரம் பல வருடங்களாக இரண்டாம் இடத்தில் இருந்தார்.

வழி சொன்னவர் கொட்டாஞ்சேனை ஹமீட். வாகனங்களுக்கு வயர் வேலை செய்பவர். "ஐயா, பழைய பட்டரிட கோதுக்குள்ள புது பட்டரிய வெச்சா எவனுக்குத் தெரியப் போகுது?" என்றார்.

செத்துப்போன பழைய பற்றரியின் கறுப்புப் பெட்டியை ஹமீட் குடைந்து கழுவினார். பன்னிரண்டு வோல்ட் பற்றரி ஒன்றைச் சின்னதாகப் பார்த்து உள்ளே இறக்கி, பழைய மூடியையே மேலே பொருத்தினார். குலுங்காமல் இருக்க அடியில் சைக்கிள் ரியூப் துண்டு. சீற்றுக்குக் கீழே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் குடலை எடுத்துவிட்டு, கட்டைவிரல் அளவில் புதியது ஒன்றை வைத்து மூடினார். டைனமோ பழையதுதான், அதைப் பன்னிரண்டுக்குப் பழக்கினார். பல்ப் மாறியது. ஹோர்ன் மாறியது. வயர்கள் எல்லாம் பெற்றோல் தாங்கிக்கு அடியால் கண்ணில் படாமல் ஓடின.

இது நடந்தது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டில், அந்த நகரத்தில், ஒரு தமிழர் ஒரு பற்றரியைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்து, அதிலிருந்து வயர்களையும் மறைத்துக் கொண்டுபோவதில் ஏதாவது சிக்கல் வரலாம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் படம் வரைந்தவர், ஒருத்தி ஆசிரியை, ஒருவர் வயரோடே பிழைப்பவர். மூவரும் பயந்தது ஹேவாவசத்துக்குத்தான்.

ஹேவாவசம் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, போட்டுக் கழற்றி, குனிந்து பார்த்தார். மூடியைத் தட்டியும் பார்த்தார். கோப்பை நாகேந்திரத்துக்கு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பையை ஹமீட்டுக்குக் காட்டப் போகவேண்டும் என்று நாகேந்திரம் ஒற்றைக்காலில் நின்றார். அருள்நாயகி அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். வெள்ளவத்தையைத் தாண்டவில்லை, சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரன் இளைஞன், நல்ல முகம். மடியில் என்ன என்று சிங்களத்தில் கேட்டான். அவள் துவாயை விலக்கினாள்.

"ஷா! எதுக்குக் கிடைத்தது, மாத்தயா?"

நாகேந்திரத்தின் சிங்களம் கந்தோர்ச் சிங்களம், திருத்தமானது. "இந்த வண்டிக்கு. முழுக்க ஒரிஜினல். ஒரு வயர்கூட மாற்றவில்லை."

அதைச் சொல்லவேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை. அருள்நாயகி அவருடைய முதுகில் விரலால் குத்தினாள். பிந்திவிட்டது.

"என் மாமாவிடமும் இப்படி ஒன்று இருந்தது" என்றான் பொலிஸ்காரன். ஆசையாக வண்டியைச் சுற்றி வந்தான். "அதன் லைற் குப்பிவிளக்கு மாதிரி. எங்கே, போடுங்கள் பார்ப்போம்."

நாகேந்திரம் போட்டார். வெயிலிலும் கண் கூசியது.

பொலிஸ்காரன் கொஞ்ச நேரம் விளக்கைப் பார்த்தான். பிறகு நாகேந்திரத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து பற்றரி மூடியை நெம்பினான். ஹேவாவசம் தட்டிப் பார்த்ததோடு விட்ட மூடி அது. உள்ளே இன்னொரு பற்றரி இருந்தது.

"இறங்கு" என்றான். மரியாதைக்குச் சொன்ன மாத்தயா போய்விட்டது.

பொலிஸ் நிலையத்து முற்றத்தில் வண்டியை நிறுத்தி, அதைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள். நாகேந்திரம் உள்ளே நீண்ட மர வாங்கில் இருத்தப்பட்டார். பெல்ட்டையும் செருப்பையும் கழற்றச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கத்துகிற ஆள் இல்லை. அதுவே அருள்நாயகிக்குப் பயமாக இருந்தது.

"எதற்காக ஒளித்தாய்?" என்று கேட்டார்.

"போட்டிக்காக, சேர்."

"பற்றரி ஒளிக்கிற போட்டியா?"

"இல்லை சேர். ஒளிக்காத போட்டி."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அருள்நாயகியின் பக்கம் திரும்பி, இது என்ன சாமான் என்று பொறுப்போடு சொல்லக்கூடிய யாரையாவது கூட்டிவரும்படி சொன்னார். பின்னேரம் வரை பார்ப்பாராம். அதற்குப் பிறகு மேலிடத்துக்கு அனுப்பவேண்டி வருமாம்.

மேலிடம் என்றால் என்ன என்று தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் விளக்கம் தேவைப்படாது. அவளுடைய பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சரின் மகனை அப்படித்தான் ஒரு பின்னேரம் அனுப்பினார்கள். அந்த அம்மா இன்னமும் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அருள், வீட்டை போய்ச் சாப்பிடும்" என்றார் நாகேந்திரம் வாங்கில் இருந்தபடி.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ. திறந்ததாலதான் இவ்வளவும்."

கொட்டாஞ்சேனைக்கு ஓட்டோவில் போனாள். சங்கதியைக் கேட்டதும் ஹமீட் செய்த முதல் வேலை, கடையின் கதவை இழுத்து மூடியது.

"அல்லாஹ்வே! நா வந்து என்னத்த சொல்ற, டீச்சர்? ஒளிச்சு வெச்சது நாந்தான்டு சொல்றதா? ரெண்டு பேரயும் ஒரே வாங்குல உக்கார வெப்பாங்க. கடைய வந்து பாத்தா முடிஞ்சிச்சு. எங்க கைய வெச்சாலும் வயர்."

"அப்ப ஆர் வருவினம்?"

ஹமீட் கையிலிருந்த வயர் வெட்டும் குறட்டைத் திறந்து மூடினார். "ஒரு ஆள் இருக்காரு. வருவாரான்டு தெரியா. அந்தக் கோப்ப குடுத்தவரு."

"அவருக்கு இதில என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். அவருட வண்டிக்குச் செஞ்சதப் பாத்துத்தான் ஐயாட வண்டிக்குச் செஞ்சேன்."

அருள்நாயகி முக்காலியில் இருந்துவிட்டாள்.

"நா சொன்னேன்டு மட்டும் சொல்லிராதீங்க, டீச்சர். நல்ல கஸ்டமர்."

ஹேவாவசத்தின் வீடு நுகேகொடையில். அவரே கதவைத் திறந்தார். அவள் ஆங்கிலத்தில் பேசினாள். தமிழர் என்று தெரிந்ததும் அவர் மலர்ந்துபோய்த் தமிழுக்கு மாறினார்.

"யாரு? நாகேந்திரம் சம்சாரமா? வா, வா. உக்காரு. என்னா வேணும் ஒனக்கு?"

அவமதிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. முப்பது வருடம் மலைநாட்டில் அவர் தமிழ் கற்றது தாம் வேலை வாங்கிய தோட்டத் தொழிலாளர்களிடமிருந்து. 'நீங்கள்' என்ற சொல்லை அவர்கள் அவரிடம் சொல்லத்தான் கேட்டிருப்பார். தாம் சொல்லவேண்டி வரும் என்று நினைத்திருக்கமாட்டார். அருள்நாயகி ஆங்கிலத்தைக் கைவிடாமல் நடந்ததைச் சொன்னாள்.

"தப்பு, தப்பு" என்றார் ஹேவாவசம். "அந்தப் பைக்குல புது பேட்டரி கெடையாது. நானே தட்டிப் பாத்தேன். நான் லெட்டர் குடுக்குறேன், எல்லாம் ஒரிஜினல்னு. கொண்டு போ."

"அந்தக் கடிதம் என் கணவரைத் தூக்கில் போடும். அவர் ஒளித்தார் என்பதற்கு நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள்."

"நான் பாத்தது பாத்ததுதான். இருவது வருசமா நான் ஜட்ஜ். நான் ஏமாந்தேன்னு எப்புடிச் சொல்லுறது?"

நல்ல மனிதர்தான் என்று அருள்நாயகிக்குப் பட்டது. தேநீர் கொண்டுவரச் சொன்னார். கடிதம் எழுத நல்ல தாளாகத் தேடினார். தம்முடைய கண்ணை மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் பளபளத்துக்கொண்டு நின்றது. பின்னேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனி ஹமீட்டின் நல்ல கஸ்டமரைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரமில்லை.

அப்போதுதான் அவள் முதன்முதலாகத் தமிழில் பேசினாள்.

"கொட்டாஞ்சேனை ஹமீட் உங்களைச் சுகம் கேட்டவர், சேர். பற்றரி சார்ஜ் நிக்குதோ எண்டும் கேட்கச் சொன்னவர்."

ஹேவாவசத்தின் கையில் தாள் அப்படியே நின்றது. காதுகள் சிவந்தன. வாசலைப் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டுத் தலைக்கவசத்தை எடுத்தார்.

"நிக்குது" என்றார். "நீங்க முன்னுக்குப் போங்க. நான் பின்னாலயே வாரேன்."

பொலிஸ் நிலைய வாசலில் ஹேவாவசத்தின் வண்டியை யாரும் மறிக்கவில்லை. காவலுக்கு நின்றவன் சலூட் அடித்தான். அவர் அதை மணல் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனார். சிங்களத்தில் நீண்ட விளக்கம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"மன்னிக்கவேண்டும், சேர். பற்றரியைப் பற்றரிக்குள் ஒளித்து வைப்பார்களா? நான் கேள்விப்பட்டதில்லை."

"வைப்பார்கள்" என்றார் ஹேவாவசம். அருள்நாயகியைப் பார்க்காமல், "என்னுடையதிலும் இருக்கிறது" என்றார்.

எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். நாகேந்திரத்தையும் வெறுங்காலோடு கூட்டிவந்தார்கள். ஹேவாவசம் தமது வண்டிக்கு முன்னால் முழங்காலிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே அதே மாதிரிப் பற்றரி. அதே சைக்கிள் ரியூப்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். பொலிஸ்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் விளக்கைப் போட்டுப் பார்த்தான். இன்னொருவன் ஹோர்னை அடித்தான். இரண்டு முழத்துக்கு அப்பால், மணல் மூட்டைக்குள், அதே பெட்டி ஒருவரும் தொடத் துணியாமல் கிடந்தது.

"துரைக்கு நல்ல பொழுதுபோக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனால் ஏன் ஒளிக்கவேண்டும்?"

"கிளப்பில் பார்ப்பார்கள்."

"கிளப்பில் யார் பார்க்கிறது?"

ஹேவாவசம் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நான்தான்" என்றார்.

நாகேந்திரத்தின் வாய் திறந்தது. அருள்நாயகி அவருடைய வெறுங்காலைத் தன் செருப்பால் மிதித்தாள்.

நாகேந்திரத்தைப் போக விட்டார்கள். பெல்ட்டும் செருப்பும் கிடைத்தன. அவருடைய வண்டியை மட்டும் நிபுணர் ஒருவர் வந்து பார்க்கும்வரை வைத்திருக்கவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார், வெறும் சம்பிரதாயம்தானாம். ஹேவாவசத்தின் வண்டிக்கு அந்தச் சம்பிரதாயம் இருக்கவில்லை. நாகேந்திரத்தின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு ஹேவாவசம் வண்டியை உதைத்துக் கிளப்பினார். காலையில் இவர்களை மறித்த அதே பொலிஸ்காரன் தெருவில் பஸ்ஸை மறித்து அவருக்கு வழி விட்டான்.

ஓட்டோவில் நாகேந்திரம் ஒரு மூலையில் ஒடுங்கி இருந்தார். அருள்நாயகி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது குளிர்ந்து கிடந்தது. காலி நகருக்குப் போகும் வீதியில் ஓட்டோ ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டி நின்றபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"கவனிச்சனீரோ?"

"எதை?"

"ஹேவாவசத்தின்ர வயரை. துணி சுத்தின வயர், அருள்! பழைய காலத்து வயர் மாதிரியே. எனக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் போட்டவன், அவருக்குத் துணி சுத்திக் குடுத்திருக்கிறான் ஹமீட். வெளியால ஒரு அங்குலம் தெரிஞ்சாலும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது."

"ம்."

"என்ன ம்? நானும் காசு குடுத்துத்தானே செய்விச்சனான். நாளைக்கே போய்க் கேக்கிறன். கோப்பையைத் திருப்பித் தா எண்டு அவர் கேட்டாலும் குடுக்கமாட்டன். அவற்ற மட்டும் என்ன ஒரிஜினலோ? மற்றது, அந்தத் தகரப் பெட்டி. அவற்றதில ஆணி பித்தளை. பாத்தனீரோ?"

ஓட்டோக்காரன் கண்ணாடிக்குள்ளால் இவர்களைப் பார்த்தான். அருள்நாயகிக்கு அழுகை வந்தது. துவாய்க்குள் இருந்த கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுகையை விழுங்கினாள். அந்த மனிதனின் வாயை அன்று காலையிலிருந்து எத்தனை தடவை மூடப் பார்த்திருப்பாள். இப்போது, பஸ் நகர்ந்து வழி விட்ட பிறகும், அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து கேட்டாள்:

"பித்தளை ஆணியோ? எங்க இருந்தது?"

"சொல்லுறன் கேளும்" என்று நாகேந்திரம் தொடங்கினார்.