ரங்கனின் வசவு

சிட்லபாக்கம் ரயில்வே கேட்டில் கேட்கீப்பர் ரங்கன் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். கேட் மூடியிருக்கும்போது குனிந்து நுழைகிறவன் ஆபீசரா ஆண்டியா என்றெல்லாம் அவன் பார்க்கமாட்டான். "யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" என்று ஒரே கத்து. வாங்கிக்கட்டிக்கொண்டவன் முகம் கறுத்துப் பின்வாங்குவான். மற்றவர்களுக்கு அது காலைக் காப்பி மாதிரி. லோக்கல் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மனுஷன் கெட்டவனில்லை. ஒரு வண்டி போனதும் எல்லாம் முடிந்தது என்று ஜனம் பாய்ந்துவிடும். அதன் மறைவில் அடுத்த லைனில் இன்னொன்று வருவது யார் கண்ணுக்குத் தெரியும்? அப்படிப் போனவர்களைக் கோணியில் அள்ளிப் போட்ட கை ரங்கனுடையது. மரியாதையாகச் சொன்னால் எவனும் நிற்கமாட்டான், ரோஷம் வந்தால்தான் கால் நிற்கும் என்பது அவன் கண்ட பாடம்.

பியூலா டீச்சரிடம் மட்டும் அந்த ரோஷம் பலிக்கவில்லை. சைதாப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். அண்ணனுக்குச் சமைத்துவைத்துவிட்டுத் தினமும் தாமதமாக ஓடிவருவாள், தினமும் குனிவாள், தினமும் திட்டு வாங்குவாள். உடனே தலையை இழுத்துக்கொண்டு, "சொல்லிட்டுத்தான் வந்தேன் ரங்கண்ணா!" என்று சிரிப்பாள். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே அவளை ஒரு பிடி கூடவே உரக்கத் திட்டுவான்.

ஒருநாள் அவளுடைய அண்ணன் தனசிங்கும் அவளோடு வந்தார். கல்யாணம் நிச்சயமான பெண்ணை, நாலு பேர் நடுவில், சாவு என்று வாயில் வைத்துத் திட்டுவதா! அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. தங்கை கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ப் புகார் சொன்னார்.

மறுநாளே ரயில்வே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். "இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, உன்னைத் தூக்கி அத்துவானக் காட்டு கேட்ல போட்டுடுவேன். இனிமே அம்மா, ஐயான்னுதான் பேசணும். புரியுதா?"

ரங்கன் தலையை ஆட்டினான். அவன் பெண்டாட்டி எல்லம்மாவுக்கு நெஞ்சுச் சளி. பக்கத்து டி.பி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டுதான் உயிரைப் பிடித்திருந்தாள். இந்த கேட்டை விட்டால் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது? இருமி முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "ஊர்ல கீறவன் எப்படிப் போனா உனுக்கு இன்னாய்யா? ஒன் வாயால நான் சாவணுமா?"

ரங்கன் வாயைக் கட்டினான். "இன்னா ரங்கா, மௌன விரதமா?" என்று சீண்டிப் பார்த்தார்கள்.

பியூலா நின்று கேட்டாள். "எங்கண்ணன் பண்ணதுக்கு எம்மேல கோவமா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா."

அந்த 'ங்கம்மா' அவளைச் சுட்டிருக்க வேண்டும். விறுவிறுவென்று போய்விட்டாள்.

அந்த வாரமே அது நடந்தது. தெற்கேயிருந்து வரும் மெயில் அன்று லேட். தாம்பரம் போகிற லோக்கல் கடந்ததும் பியூலா குனிந்து நுழைந்தாள். மறைவிலிருந்து மெயில் வருவதை ரங்கன் பார்த்துவிட்டான். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. எல்லம்மாவின் இருமலும் கூடவே வந்தது. பாவி, விழுங்கிவிட்டான்.

"அம்மா... கொஞ்சம் நில்லுங்கம்மா..."

யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். அவள் திரும்பவில்லை. கொடியைப் போட்டுவிட்டு ஓடினான். அவனுக்கு முன்னால் வண்டி அவளை எட்டிவிட்டது.

விசாரணையில் ரங்கன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட் மூடியிருந்தது, எச்சரிக்கையும் செய்திருக்கிறான், அதுவும் மரியாதையாக. இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அன்று எல்லம்மா வைத்த சோற்றை அவன் தொடவில்லை.

அடக்கமெல்லாம் முடிந்து, ஒரு காலையில் தனசிங் ஆபீசுக்குக் கிளம்பி வந்தார். சவரம் செய்யாத முகம். பார்வை எதிலும் நிற்கவில்லை. கேட் மூடியிருந்தது. ஒரு லோக்கல் போயிற்று. தங்கை குனிந்த அதே இடத்தில் அவரும் குனிந்து உள்ளே போனார். அடுத்த லைனில் வண்டி ஊதியது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?"

தொண்டை கிழியக் கத்தினான் ரங்கன். தனசிங்கின் கால் அப்படியே நின்றது. வண்டி அவர் சட்டையை உதறிவிட்டுப் போயிற்று.

தனசிங் திரும்பி ரங்கனை நோக்கி வந்தார். போச்சு, வேலையும் போச்சு, எல்லம்மாவும் போச்சு என்றிருந்தது ரங்கனுக்கு. கும்பிட்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்... வாய் தவறி..."

தனசிங் அவன் காக்கிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"அன்னைக்கு எங்கடா போச்சு இந்த வாய்? என் தங்கச்சிய இப்படித் திட்டியிருக்கக் கூடாதாடா?"

சட்டையை விடாமலே அவர் அழுதார். கேட்டின் இரண்டு பக்கமும் சைக்கிள்களும் ஜனமும் நின்றிருந்தன. ரங்கன் திறக்கப் போகவில்லை. திறக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.