ஜமீனுக்குப் பழைய தண்ணீர்

பெண்டாட்டி சற்குணம் செத்துப்போன பிறகு கன்னியப்பன் வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. மாடிப்படி நீண்டுவிட்டது. மீன் ஒருக்களித்துவிட்டது.

படியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏற முன்பெல்லாம் ஒரு பீடி நேரம் ஆகும். இப்போது வழியில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிட்டுத்தான் மிச்சத்தை ஏறவேண்டும். பழைய கட்டடம், மழையில் ஊறியிருக்கும் என்றார்கள்.

மீனை அப்படி விடமுடியவில்லை. அது தங்கமீன். சற்குணம் வாங்கி வந்தபோது சுண்டுவிரல் நீளம். இப்போது உள்ளங்கை கொள்ளாது. வேலைவெட்டி இல்லாமல் தின்றுவிட்டுத் தொட்டியைச் சுற்றி வந்ததால் ஜமீன் என்று பேர் வைத்தாள். வயசாகி ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது. முதுகிலும் கூன். அதெல்லாம் அவள் இருக்கும்போதே வந்தவை. இப்போதோ வயிறு பக்கவாட்டில் தெரிய, பழுத்த இலை மாதிரி மேலாக மிதந்தது. நிமிரப் பார்க்கும், புரண்டுவிடும். வாலில் சிவப்புச் சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது.

கன்னியப்பனுக்குப் பிள்ளை கிடையாது. இந்த மீனும் போய்விட்டால், அந்த வீட்டில் சற்குணத்தைப் பார்த்தவர் என்று அவன் ஒருவன்தான் மிச்சம்.

வாளியில் ஜமீனை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். முன்சீட்டுப் பையனின் தோளைத் தட்டினார்.

"எந்திரிப்பா. பெரியவரு வராரு, கண்ணு தெரியல?"

பையன் எழுந்தான். வாளி உட்கார்ந்தது. கன்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வயசான மீன்களுக்கான ஆஸ்பத்திரி டெப்போவுக்குப் பின்னால் இருந்தது. பெஞ்சில் குடமும் தூக்குவாளியும் மடியில் வைத்துக்கொண்டு ஜனம் காத்திருந்தது. மீன்கள் அமைதியாக இருந்தன. கூட வந்தவர்கள்தான் இருமினார்கள்.

டாக்டரம்மா வாளியை நாற்காலியில் வைத்தார். கன்னியப்பனைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மீனுக்குத்தான்."

"தெரியுது. நாக்க நீட்டுங்க."

நீட்டினான்.

"எத்தன வேள சாப்பிடும்?"

"தெரியலீங்களே. அவதான் போடுவா."

"எந்தக் கண்ணு தெரியும்?"

"கவனிச்சதில்லீங்க."

"தொட்டில எந்தப் பக்கம் ஒதுங்கும்?"

"அதுவும் தெரியலீங்க."

"நீங்க அந்த வீட்டுலதான இருந்தீங்க?"

"ஆமாங்க. வேல முடிஞ்சு வந்தா படுத்துருவேன்."

டாக்டரம்மா அவன் விலாவில் விரலால் தட்டினார். காலிக் குடத்தைத் தட்டியது போலக் கேட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் உச்சுக்கொட்டினாள்.

"தண்ணிய மாத்துனீங்களா?"

கன்னியப்பனுக்கு முகம் தெளிந்தது. இந்த ஒரு கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. மொட்டைமாடித் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுவதுதான் அவன் பிழைப்பு.

"சுத்தமா மாத்தினேங்க. அவள எடுத்த அன்னிக்கு, வீட்டுல இருக்கற தண்ணியெல்லாம் தீட்டு, கொட்டுன்னாங்க. குடம், டிரம்மு, குண்டான் எல்லாம் கவுத்தேன். கடைசியா இந்தத் தொட்டி. ஒரு சொட்டு விடல. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, அலசி, புதுசாப் புடிச்சு ஊத்துனேன். கண்ணாடி மாதிரி இருந்துதுங்க."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாரத்துக்குக் கால் பங்குதான் மாத்தணும். வயசான மீனு. அதுக்குத் தண்ணிதான் வீடு, தண்ணிதான் சொந்தக்காரங்க. ஒரே நாள்ல கொண்டுபோய் ஊர் பேர் தெரியாத எடத்துல விட்டுட்டீங்க."

"தீட்டுன்னாங்களே."

"சரி. மீனுக்குச் சொன்னீங்களா?"

"எத?"

"அந்தம்மா போனத."

கன்னியப்பன் மேலே பார்த்தான். மின்விசிறி நிதானமாக எதிர்ப்பக்கம் சுற்றியது. தாம்பரத்துக்குச் சொன்னார்கள். ஆரணிக்குச் சொன்னார்கள். பால்காரருக்குக் கூடச் சொன்னார்கள்.

"யாரும் சொல்லலீங்க."

"சாவு சொல்லாம தீட்டு மட்டும் கழிச்சிருக்கீங்க."

மருந்து சொன்னார். கல்லுப்பு கொஞ்சம். தொட்டியில் பாதித் தண்ணீர் போதும், மேலும் கீழும் நீந்த அதற்குத் தெம்பில்லை. பச்சைப் பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்துக் கொடுக்க வேண்டும். பழைய தண்ணீர் ஒரு டம்ளராவது வேண்டும்.

"அப்புறம் விஷயத்தச் சொல்லிடுங்க. சொல்லாம விட்டா எந்த மருந்தும் நிக்காது."

"பழைய தண்ணிக்கு எங்கங்க போவேன்?"

"ஊத்துன எடத்துலயே கேளுங்க."

ஊற்றிய இடம் வராந்தா. அதற்கு நேர் கீழே ஆட்டோக்காரர் தேவசகாயம் வீட்டுக் கொடி. அன்றைக்கு அதில் அவருடைய காக்கிச் சட்டை தொங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சட்டை காயவே இல்லை.

தேவசகாயம் அதைத்தான் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா கன்னியப்பா, மீனக் காத்தாட இட்னு போயி வரியா?"

"சகாயண்ணே, இந்தச் சட்டையப் பிழிஞ்சு எனக்குத் தண்ணி குடு."

"பிழியாமலா வெச்சிருக்கேன்? கட்டடம் ஆடறாப்ல பிழிஞ்சும் பாத்துட்டேன். ஒரு சொட்டு எறங்கல. சவாரி ஏர்றவன்லாம் மழையான்னு கேட்டு உச்சிவெயில்ல குட விரிக்கிறான்."

"அது எங்க வீட்டுத் தண்ணி."

"தெரியும்பா." தேவசகாயம் குரலைத் தாழ்த்தினார். "பாக்கெட்டுக்குள்ளேர்ந்து பேசும். 'சாப்ட்டியா, சாப்ட்டியா'ன்னு. நானும் ஆச்சும்மான்னுவேன். மறுபடி கேக்கும். என்னிய யாரு அப்டிக் கேட்டாங்க? அதான் கய்ட்டாம போட்னு திரியறேன்."

"மீனக் கேட்டிருப்பா."

"ஒன்னியா இருந்தா?"

"எனக்குத் தட்டுல போட்டு மூடி வெச்சிருவா. நான் வர்றப்ப அவ தூங்கியிருப்பா."

தேவசகாயம் பொத்தானைக் கழற்றினார். கீழே ஒரு டம்ளரை வைத்து, ஆளுக்கு ஒரு முனை பிடித்து முறுக்கினார்கள். சொந்தக்காரன் கை பட்டதும் தண்ணீர் இறங்கியது. டம்ளர் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. கடைசி முறுக்கில் காலர் ஒரு தரம், "சாப்ட்டியா" என்றது.

சட்டை அப்பளமாகக் காய்ந்துவிட்டது. தேவசகாயம் அதை மாட்டிக்கொண்டார். பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"காஞ்சிடுச்சு" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

டம்ளர் தளும்பாமல் படி ஏறுவதற்குள் கன்னியப்பனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது.

தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டான். உப்புப் போட்டான். ஜமீனை விட்டான். பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

ஜமீன் செவுளை விரித்து இழுத்தது. வயிறு கீழே போனது. முதுகு மேலே வந்தது. கூனோடு, நேராக நின்றது.

பிறகு இடதுபக்க மூலைக்குப் போனது. அங்கே வெளிப்பக்கக் கண்ணாடியில் விரல் பட்டுப் பட்டு ஒரு மங்கல் விழுந்திருந்தது. அவன் உள்ளே தேய்த்தான், வெளியே துடைக்கவில்லை. மீன் அந்த மங்கலுக்கு நேராக நின்று வாயைத் திறந்தது. வலது கண்ணால் பார்த்தது.

இடது மூலை. வலது கண். கன்னியப்பனுக்கு இப்போது தெரிந்தது. கேட்பார் இல்லை.

பட்டாணியை வேகவைத்தான். தோலுரித்து நசுக்கிப் போட்டான். ஜமீன் தின்னவில்லை. அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது.

கன்னியப்பன் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

"ஜமீனு. நம்ம சற்குணம் இருக்கால்ல."

மீன் அருகே வந்தது.

"அவ வந்து..."

மீனின் வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது.

"கடைக்குப் போயிருக்கா" என்றான் கன்னியப்பன்.

மீன் சாயவில்லை. நேராக நின்று யோசித்தது. ஒரு பட்டாணித் துணுக்கைத் தின்றது. அப்புறம் திரும்பி, வாசல் தெரிகிற பக்கமாகப் போய் நின்றுகொண்டது.

"படி நீண்டுபோச்சு பாரு. மெதுவாத்தான் ஏறுவா."

கீழே, எத்தனையோ மாடிக்குக் கீழே, யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஏறும் சத்தம் கேட்டது. நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி ஏறியது.

கன்னியப்பன் எழுந்தான். மிச்சப் பட்டாணியைத் தட்டில் போட்டு மூடி வைத்தான்.