டூகர்ஜாபின் முதுகு

"சட்டையை வெட்டித்தான் எடுக்கணும். தோள் விறைச்சுப் போச்சு. இழுத்தா அவனுக்குக் கை நோகும்" என்றார் லோதோய்.

இறந்தவருக்குக் கை நோகுமா என்று நோமின்துயாவுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.

அவள் அப்பா டூகர்ஜாப் காலை ஒன்பது மணிக்கு இறந்துபோனார். எழுபத்துமூன்று வயது. முந்தின நாள்கூடக் குதிரை ஏறிப் போய் வேலிக்கம்பியை முறுக்கிவிட்டு வந்தவர். புலி ஆண்டில் பிறந்தவர்தான் உடலைத் தொட வேண்டும் என்று லாமா போனில் நாள் பார்த்துச் சொன்னார். அக்கம்பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் அப்படி இருந்தவர் லோதோய் ஒருவர்தான். அப்பாவுக்கு ஐம்பது வருடச் சிநேகிதர். மாநிலத் தலைநகரான ஹோஹோட்டிலிருந்து தம்பி வந்து சேர இரவாகிவிடும். அதனால் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அவள் மட்டுமே இருந்தாள். அழக்கூடாது என்று லோதோய் முதலிலேயே சொல்லிவிட்டார். அழுதால், போகிறவருடைய வழியில் அது ஆறாகக் குறுக்கே ஓடுமாம்.

மார்பைத் துடைத்து முடித்தவர், துணியைப் பிழிந்துவிட்டு உடலைப் பக்கவாட்டில் மெல்லத் திருப்பினார்.

நோமினின் கையிலிருந்த கிண்ணம் சரிந்து தண்ணீர் அவள் காலணி மேல் கொட்டியது.

தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை முதுகில் தோலே இல்லை. தோல் இருந்த இடத்தில் மெழுகு உருகி உறைந்ததுபோல் ஏதோ பளபளத்தது. அதில் குறுக்கே கோடுகள். எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். யாரோ நிதானமாக, இடைவெளி பார்த்து வைத்த கோடுகள்.

கழுத்துப்பட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு தழும்பை மட்டும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அடுப்பில் விழுந்தேன் என்று சொல்லியிருந்தார். ஆட்டுக்கு மயிர் வெட்டும் ஜூன் வெயிலில்கூட அவர் சட்டையைக் கழற்றி அவள் பார்த்ததில்லை.

"இது என்ன சித்தப்பா?"

லோதோய் கோடுகளின் மேல் துணியை ஒற்றி ஒற்றி எடுத்தார்.

"அடுப்புல விழுந்தா இப்படியா ஆகும்?"

"அறுபத்தெட்டாம் வருஷக் குளிர்காலம். கூட்டுப்பண்ணைக் கம்யூனோட கூட்டக் கொட்டகையில. அடுப்புக் கிளறுற கம்பி" என்றார் லோதோய். "மங்கோலியருக்குன்னு ரகசியமா ஒரு கட்சி இருக்கு, நீ அதுல ஆளுன்னு அரசாங்க ஆளுங்க சொன்னாங்க. அப்படி ஒரு கட்சியே இல்ல. இல்லாத கட்சியில யார் யார் இருக்காங்கன்னு பேர் கேட்டாங்க."

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி நோமின் காதோடு காதாகக் கேள்விப்பட்டிருந்தாள். பதினாறு வருடமாக அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தின் எந்தப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அது வேறு குடும்பங்களுக்கு நடந்தது என்றே நினைத்திருந்தாள்.

"அப்பா சொன்னாரா?"

"பதினொரு நாள் சொல்லல." துணியைத் தண்ணீரில் நனைத்தார். "பன்னெண்டாம் நாள் ஒரு பேர் சொன்னான். செங்கேன்னு."

"யாரு செங்கே?"

"எங்க அண்ணன்."

லோதோயின் கை முதுகைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தது.

"செங்கே திரும்பி வரல. இவனை வசந்தத்துல விட்டாங்க. விட்டதும் வீட்டுக்குப் போகல. நேரா எங்க கூடாரத்துக்கு வந்தான். 'உங்க மகன் பேரை நான்தான் சொன்னேன்'னு எங்கம்மா முன்னால நின்னான். அம்மா கை ஓயுறவரைக்கும் அடிச்சா. நானும் அடிச்சேன். சட்டை கிழிஞ்சுது. முதுகைப் பார்த்துட்டோம். அதுக்கப்புறம் யாருக்கும் கை எழும்பல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்த வருஷம் எங்க ஆட்டுக்கெல்லாம் இவன்தான் மயிர் வெட்டினான். நாங்க கூப்பிடல. அடுத்த வருஷமும் வந்தான். பத்து வருஷம் கழிச்சு ஒரு அதிகாரி வந்து, 'தப்பு நடந்துடுச்சு'ன்னு ஆளுக்கொரு தாள் குடுத்துட்டுப் போனான். செங்கே பேருக்கும் ஒண்ணு." லோதோய் நிமிர்ந்தார். "தண்ணி கொண்டா பொண்ணு. இன்னும் பாதி முதுகு இருக்கு."

சமையலறையில் வாளியிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் மொண்டாள். அன்று காலை இதே இடத்தில்தான் அப்பாவிடம் சொன்னாள்.

"ஏழு பேருப்பா. சாயங்காலத்துக்குள்ள குடுக்கணுமாம். குடுக்கலைன்னா வேலை போயிடும்."

"என்ன பேரு?"

"இனிமே பாடமெல்லாம் சீன மொழியிலங்கிறாங்கல்ல, அதை எதிர்த்துப் பிள்ளைங்களப் பள்ளிக்கூடம் அனுப்பாம வச்சிருக்காங்களே, என் வகுப்புல. அவங்க அப்பா அம்மா பேரு."

"எழுதிட்டியா?"

"ராத்திரியே எழுதிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அவர் கோபப்படவில்லையே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வாளி உருளும் சத்தம் அதன்பிறகுதான் கேட்டது. அவள் ஓடிப்போனபோது அவர் மாட்டின் பக்கத்தில் விழுந்து கிடந்தார்.

தண்ணீரை லோதோயிடம் கொடுத்தபோது வெளியே நாய் குரைத்தது. ஒரு கார் வந்து நின்றது.

துணைத் தலைமையாசிரியர் சோக்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அவரும் மங்கோலியர்தான். அவளைவிட நான்கு வயது இளையவர். காருக்குள் இன்னொருவர் இருந்தார். அவர் இறங்கவில்லை.

"கேள்விப்பட்டேன் டீச்சர். ஒரே நாள்ல இப்படி... உடம்பு ஏதாவது சரியில்லாம இருந்தாரா?"

"இல்ல."

சோக்து தொப்பியைக் கைகளில் சுற்றினார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா கார்ல இருக்கறவரு விட மாட்டேங்கறாரு. அந்த லிஸ்ட்..."

"எழுதல."

"எழுதிட்டேன்னு ராத்திரி மெசேஜ் போட்டீங்களே?"

"பொய் சொன்னேன்."

அவர் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாலு பேராவது குடுங்க. ரெண்டாவது குடுங்க டீச்சர். யாரையும் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. கூப்பிட்டுப் பேசுவாங்க, அவ்வளவுதான்."

நோமினின் காலணிக்குள் ஈரம் சில்லென்றிருந்தது.

"அப்ப நான் உங்க பேரை எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. படிவத்துல அப்பா பேரும் கேப்பாங்க இல்லையா? டூகர்ஜாப்னு போடுங்க. பக்கத்துல 'இறந்துட்டார்'னு போட்டுக்கங்க."

சோக்து தொப்பியைப் போட்டுக்கொள்ள மறந்து, அதைக் கையிலேயே பிடித்தபடி காருக்குத் திரும்பி நடந்தார்.

அவள் உள்ளே போனாள். லோதோய் உடலை வெள்ளைத் துணியில் தோள்வரை சுற்றி முடித்திருந்தார்.

"யாரு?"

"பள்ளிக்கூடத்துலேருந்து."

"என்ன வேணுமாம்?"

"பேரு."

லோதோய் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் தரையில் உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவு வழியே மேட்டில் கார் ஏறி மறைவது தெரிந்தது. காற்றே இல்லாததால் அது கிளப்பிவிட்ட புழுதி பாதையின் மேல் அப்படியே நின்றது. நாய் அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.