எடுக்காம விட்ட பந்து

எனக்க மாப்பிள்ளைக்குப் பந்துகளி, பந்து விளையாட்டுன்னா பைத்தியம். வாலிபால் ஆக்கும் சொல்லுதேன். பாறசாலைக்குக் கிழக்க, எங்க சபைக்கோயில் பக்கத்து வெறும் விளையில அந்திக்கு வலை கட்டினா ஊருல ஒரு ஆம்பிளையும் வீட்டுல இருக்கமாட்டான். வயல் வேலைக்காரன், வாத்தியாரு, கடைக்காரன் எல்லாரும் அங்கதான். பெண்ணுங்க நாங்க வேலிக்கு இப்பறம் நிண்ணு பாப்போம். வரப்புச் சண்டையில முகம் பாக்காதவன்கூட வலைக்கு ஒரே பக்கத்துல நிண்ணு களிப்பான். அத நான் குறை சொல்லமாட்டேன். விளக்கு வைக்க நேரத்துல விறகு கீற ஒரு ஆளு கிடைக்காதேன்னுதான் எனக்குக் கோவம்.

எங்க வீட்டுக்காரருக்குப் பேரு நேசையன். அவரு வலைகிட்ட நிண்ணு அடிக்க ஆளு இல்ல, பின்னால நிப்பாரு. எவன் எம்புட்டு ஓங்கி அடிச்சாலும் தரையில விழுந்து புரண்டாவது எடுத்திருவாரு. முழங்கை எப்பவும் தோலு உரிஞ்சிருக்கும். ஏசிட்டேதான் நான் எண்ணை தேச்சு விடுவேன்.

வருசா வருசம் ஓணத்துக்குப் பெருங்கடவிளைக்காரனுவ எங்ககூட களிக்க வருவானுவ. ஜெயிச்சவனுக்கு ஒரு ஏத்தவாழைக் குலை. அவனுவ பக்கத்துல சதாசிவன்னு ஒரு மலையாளத்தான் உண்டு. அவன் அடிச்சா பந்து பட்ட இடம் சிவந்துபோவும். அவன் அடிக்கதையும் இவரு எடுக்கதையும் பாக்கதுக்குன்னே அமரவிளையில இருந்து சனம் நடந்து வரும்.

பின்ன எல்லைப் போராட்டம் வந்துது. எங்க பக்கத்தத் தமிழ்நாட்டோட சேக்கணும்னு எங்க பயலுவ கொடி பிடிச்சானுவ. இவரும் போனாரு. பெருங்கடவிளைக்காரனுவ எங்களப் பாண்டின்னு ஏசினானுவ. எங்க பயலுவ வாயும் சும்மா இருக்கல்ல, திருப்பி நல்லாவே குடுத்தானுவ. அதோட ஓணக்களி நிண்ணுபோச்சு. ஒரு ஆடி மாசம் ஊர்வலத்துல போலீஸ் துப்பாக்கியால வெடி வச்சப்ப இவருக்க வலது கால் முட்டுல குண்டு பட்டுது. ஆஸ்பத்திரியில குண்ட எடுத்தாவ, முட்டு மடங்காமப் போச்சு. அந்தக் காலு உலக்கை மாதிரி நீட்டிட்டே நிக்கும்.

காலக் குடுத்து என்ன கிடைச்சு, சொல்லுங்க. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் மதராசுக்கு, எங்க நெய்யாற்றின்கரை கேரளத்துக்குன்னு முடிவாச்சு. எங்க வீட்டுல இருந்து ஒரு நடை நடந்தா விளவங்கோடு தாலுகா. சேதி வந்த அன்னைக்கு இவரு அழுவாருன்னு பயந்துட்டு நான் கிட்டயே இருந்தேன். அழல்ல. இந்த ஓணத்துக்குக் களி உண்டான்னு கேட்டாரு.

உண்டாம். முடிவுதான் ஆயாச்சே, இனி யாருகிட்ட சண்டைன்னு எங்க டீமுல உள்ள ராபின்சன் பெருங்கடவிளைக்குப் போயிப் பேசிட்டு வந்திருந்தான். அதுல இருந்து இவருக்கு ஒரே பேச்சுதான், நானும் இறங்குவேன்னு. உங்களுக்குக் கிறுக்கான்னு நான் கத்தினேன். அதுக்கு அவரு சொன்னாரு:

"ஓட முடியாதுன்னு எனக்குத் தெரியாதாட்டி? நேர வாற பந்த எடுத்தாப் போரும். சதாசிவன் அடிச்சு ஒண்ணே ஒண்ணு நான் எடுத்திட்டேன்னா, பின்ன இந்தக் காலப் பத்தி ஒரு வார்த்த பேசமாட்டேன்."

வெடி பட்ட பிறகு அவரு ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். பின்ன நான் தடுக்கல்ல.

ஓணத்துக்கு மறுநாள் விளை நிறைய ஆளு. இவரு சாரத்த மடக்கிக் கட்டி, ஊணுகம்ப வேலியில சாத்தி வச்சிட்டு, கால இழுத்து இழுத்துப் போயி பின்னால நிண்ணாரு. சனம் கை தட்டிச்சு.

சதாசிவன் எழும்பி எழும்பி அடிச்சான். இடது பக்கம் அடிச்சான், வலது பக்கம் அடிச்சான், ராபின்சனுக்க மூக்குக்கு நேர அடிச்சான். இவரு நிக்க இடத்துக்கு மட்டும் ஒண்ணும் வரல்ல. முதல்ல நான் அத பெருசா எடுக்கல்ல. தப்பித்தவறி ஒண்ணு இவரு பக்கம் வந்தா ராபின்சன் குறுக்க பாஞ்சு எடுத்திருவான். இவரு கையக் கோத்துக் குனிஞ்சு நிண்ணது நிண்ணபடி. அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு. ரெண்டு பக்கமும் பேசி வச்சிருக்கானுவ. எல்லையில ஒரு முழம் விட்டுக்குடுக்காத பாவிப் பயலுவ, இதுக்கு மட்டும் ஒத்துப்போயிட்டானுவ.

பந்து வேலிப் பக்கம் உருண்டு வந்தப்ப, எடுக்க வந்த ராபின்சன்கிட்ட, எலே, அவருக்கு ஒரு பந்து விடுலேன்னு பல்லக் கடிச்சேன்.

"அண்ணன் விழுந்திருவாவ மைனி"ன்னான். அவனுக்குக் கண்ணு நிறைஞ்சிருந்து. பாசம்தான், இல்லங்கல்ல. அந்தப் பாசத்துல கொண்டு தீய வைக்கணும்னு எனக்கு வந்துது.

முறை மாறி இவரு சர்வீஸ் போடணும். ஒத்தக் காலுல பாரத்த வச்சுப் போட்ட பந்து மெதுவா வலைக்கு மேல போச்சு. சின்னப்பிள்ளகூட எடுக்கும். சதாசிவனுக்க நேர முன்னால விழுந்துது. அவன் கைய நீட்டின பாவனை காட்டி விட்டுட்டான். எங்களுக்குப் பாயிண்டு, சனத்துக்கு ஆரவாரம். அடுத்ததையும் விட்டான். அதுக்கு அடுத்தது இன்னொருத்தன் பக்கம் போச்சு, அவனும் விட்டான். இவரு பந்தக் கக்கத்துல இடுக்கிட்டு வலைகிட்ட நொண்டிப் போனாரு.

"சதாசிவா, எடுலே. எடுத்து எனக்க நெஞ்சுல அடி."

அவன் தலையக் குனிஞ்சு, "அண்ணா, வேண்டா"ன்னு மலையாளத்துல சொன்னான். இவரு திரும்பிப் போயி மிச்சத்தையும் போட்டாரு. மிச்சத்தையும் விட்டானுவ. களி தீந்துது.

ஜெயிச்சது நாங்களாம். எங்க பயலுவ குலையச் சுமந்து, இவரு பேரச் சொல்லிக் கூவிட்டே வந்து, குலையையும் பந்தையும் எங்க முற்றத்துல வச்சிட்டுப் போனானுவ. இவரு சோறு தொடல்ல, சுவரப் பாத்து இருந்தாரு. ஒரு வாயாவது உண்ணுங்கன்னு கெஞ்சினேன்.

"போலீஸ்காரனாவது என்னை ஒரு ஆளா மதிச்சுச் சுட்டான் ஜெயா"ன்னாரு.

காலையில அவரு முற்றத்துல கம்பு ஊணி நிண்ணாரு. நான் ஜென்மத்துல பந்து தொட்டவ இல்ல. எடுத்தேன். இஞ்ச பாருங்கன்னு ஒரு சத்தம் குடுத்து, உள்ள ஆத்திரத்தையெல்லாம் கூட்டி எறிஞ்சேன். கம்ப விட்டுட்டு ரெண்டு கையையும் கோத்தாரு. பந்து கையில பட்டு மேல தெறிச்சு. அவரு முகம் குப்புற மண்ணுல விழுந்தாரு. உதடு பொட்டி ரெத்தம் வந்துது. ஓடிப்போயித் தூக்க எனக்குக் காலு துடிச்சு. போகல்ல. நிண்ண இடத்துல நிண்ணு ஏங்கி ஏங்கி அழுதேன். அவரா கை ஊணி எழும்ப வெகுநேரம் ஆச்சு. எழும்பி, வாயத் துடைக்கல்ல, கையக் கோத்துக் குனிஞ்சு நிண்ணாரு.

"இன்னும் ஓங்கி எறி"ன்னாரு.