டாக்டருக்குச் சொல்லாத பொடி

என் மகள் மாளவிகா டாக்டருக்குப் படிக்கிறாள். மூன்றாம் வருஷம்தான்; ஆனால் ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்குள் டாக்டர் ஆட்சி எப்போதோ வந்துவிட்டது. மலையாளக் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, பிறந்தால் தெருவே மருந்துக்கஞ்சி குடிக்கும். எங்கள் வீட்டுக் கஞ்சியை மட்டும் அவள் வாஷ்பேசினில் கொட்டுவாள். "இதுக்கு என்ன ஆதாரம் இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்பாள். என் மனைவி ஆவுடைத்தாய் பாத்திரத்தைக் கழுவுவாள்.

ஆவுடைத்தாய்க்கு முட்டுவலி. தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மாதாமாதம் வந்து போகும் வைத்தியரிடம் பொடி வாங்கி, மகளுக்குத் தெரியாமல் தின்றுவந்தாள். எனக்குத் தெரியும். வலி குறைந்ததென்று சொன்னதால் நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

போன வாரம் அவள் கண் மஞ்சளித்தது. மகள் தன் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாள். ஈரல் வீங்கியிருக்கிறது, காரணம் பிடிபடவில்லை என்றார்கள். காரணம் தெரியாவிட்டால் ஆபத்து என்றும் சொன்னார்கள். மகளுக்குப் பாடம் நடத்தும் பெரிய டாக்டர் வந்து, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டதுண்டா என்று கேட்டார். இவள் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டு, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது என்று மலையாளத்தில் பெருமையாகச் சொன்னாள். ஆவுடைத்தாய் தலையாட்டினாள்.

டாக்டர் நகர்ந்ததும் கேட்டேன். "ஏன்ட்டி மறைச்ச? உசுரு விஷயம்லா?"

"அவ சாருக்கு முன்னால பிள்ளையப் பொய்க்காரி ஆக்கச் சொல்லுதியளா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வராந்தாவில் நின்ற மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முகம் வெளிறிப்போனது. ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்து, தான் சொன்னது தப்பு என்று அவரிடமே ஒப்புக்கொண்டாள். அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

"அம்மா, எல்லாத்தையும் சார்ட்ட சொல்லும்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பொடிதான்... எப்பவாவது ஒரு நுள்ளு, விரல் நுனியளவு" என்று ஆவுடைத்தாய் இழுத்தாள். கண் மகள் முகத்திலேயே இருந்தது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டு, மாளவிகாவைக் கட்டிலைச் சுற்றியிருந்த திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார்.

அவள் போன பிறகுதான் ஆவுடைத்தாய்க்குப் பேச்சு வந்தது. பொடி தினமும் இரண்டு வேளை. சர்க்கரைக்கு ஒரு லேகியம். தூக்கத்துக்கு ஒரு குளிகை. கடைசி இரண்டும் எனக்கே தெரியாது. டாக்டர் எழுதிக்கொண்டார். பொடியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு எழுந்தார்.

ஆவுடைத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைட்ட சொல்லிராதிய டாக்டரே. அவ ஏசுவா."

திரைக்கு அந்தப்பக்கம் நின்ற என் மகளுக்கு அது நன்றாகவே கேட்டது.