தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்

சோப்புக் கம்பெனியின் கடிதத்தை அண்ணனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து மின்சார லாரிகளுக்கு மட்டுமே கிடங்கு வாசல் திறக்கும் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் ஓட்டி ஓட்டிச் சேர்த்த பதினொரு லாரிகளில் எட்டு அவர்கள் சரக்கைத்தான் சுமக்கின்றன. நான் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

"பேட்டரி வண்டியா? மேட்டைப் பார்த்தா அழுதுடும்," என்றார் அண்ணன். ஆனாலும் விற்பனைக்காரர் கொண்டுவந்த வண்டியை ஒரு நாள் முழுக்கச் சுமையோடு ஓட்டிப் பார்த்தார். சாயங்காலம் இறங்கியவர் உடனே உள்ளே வரவில்லை. சக்கரத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இத்தனை வருஷம் ஒரு இரைச்சலுக்குள்ளயே குடியிருந்திருக்கேன் பாப்பா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

நான்கு வண்டி வாங்குவதென்று முடிவானது. வங்கியும் கடன் தர ஒப்புக்கொண்டது. சார்ஜரில்தான் மாட்டிக்கொண்டோம்.

மின்சார அலுவலகத்துப் பொறியாளர் எங்கள் மனுவை இரண்டு முறை படித்தார். வரைபடத்தை விரித்து, எங்கள் தெருவை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நாலு லாரி ஒண்ணா சார்ஜ் போட்டா உங்க தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தாங்காதும்மா. புதுசு வைக்கணும். அதுக்கு முன்னாடி கேபிளையே மாத்தணும். ரெண்டு வருஷமாவது ஆகும்."

"எங்களுக்கு இருக்கறது எட்டு மாசம் சார்," என்றார் அண்ணன்.

"புரியுது. என் கையில இருந்தா நாளைக்கே போட்டுடுவேன்."

தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டுப் போனபோது சோப்புக் கம்பெனி மேலாளரும் அதையேதான் சொன்னார். தேதியைக் குறித்தது தலைமை அலுவலகமாம். அவர்களை நெருக்குவது சரக்கு வாங்கும் பெரிய கடைகளாம். யாரும் எங்களிடம் முகம் சுளிக்கவில்லை. யாராவது ஒருவர் சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்போம்.

எட்டு மாதத்தில் ஐந்து கரைந்துவிட்டது. போன வாரம் அண்ணன் ஓட்டிய லாரியில் நானும் கிடங்குக்குப் போயிருந்தேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனம் ஒன்றின் மின்சார லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர், எங்களிடம் பதினாறு வருடம் ஓட்டிவிட்டு முந்தின மாதம்தான் விலகிய மீசைக்காரர். எங்களைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. பொண்ணு படிச்சுட்டிருக்கா."

"இதுல என்னய்யா தப்பு," என்றார் அண்ணன். அந்த வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு, "ஏறிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

மீசைக்காரர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அண்ணன் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே நேராகப் பார்த்தார். வரிசை நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கீழே நின்ற மீசைக்காரர் அவரை இறங்கச் சொல்லவில்லை.