கத்தரிக்கோலுக்கு முன்னால்

அடையாளம்தானே, குழி இல்லையே, ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் ஆரஞ்சு நாடா, நாடாவுக்குக் கீழே மையால் ஏதோ எண்... அதற்குப் போய் இப்படி நெஞ்சு அடித்துக்கொள்வானேன் என்று நிக்காசியா தனக்குள் சொல்லிக்கொண்டே மகளின் தலையில் சீப்பை இழுத்தாள், சிறுமி முனகிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். "அசையாதடி லுஸ்மிலா, இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கோ, நாளையிலிருந்து உனக்குச் சிக்கும் கிடையாது சீப்பும் கிடையாது." பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி, நாலு வருடத்துச் சிக்கு, அதை எடுத்துச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி ஒவ்வொரு நுனியிலும் நாடா கட்ட வேண்டும், மதியத்துக்குள் விருந்தாட்கள் வந்துவிடுவார்கள், ஆளுக்கு ஒரு பின்னல் வெட்டுவார்கள், முதல் பின்னல் மட்டும் கம்பெனி என்ஜினீயர் ஹெர்மானுக்கு. முதல் பின்னலை வெட்டுகிறவன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன், பெற்றவர்களுக்குக் கும்பாதிரி, அப்புறம் சாகிறவரை ஒருவருக்கொருவர் பொய் கூடாது, கெடுதல் கூடாது, ஒருவர் குறையை மற்றவர் வெளியே சொல்லக் கூடாது, கூடப்பிறந்தவர்கள் மேய்ச்சல் நிலத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏறியதுண்டு, கும்பாதிரிகள் ஏறியதாக இந்த உப்புவெளியைச் சுற்றி எந்த ஊரிலும் ஒரு கதை கிடையாது. ஹெர்மான் ஒருவனுக்குத்தான் அவள் அந்த ஊற்றைக் காட்டியிருந்தாள். இன்று விடியலில், பிள்ளையின் முடியை நனைக்க அங்கே நல்ல தண்ணீர் எடுக்கப் போனபோதுதான் கம்பியைப் பார்த்தாள்.

எப்படிக் காட்டினாய், என்ன தைரியத்தில் காட்டினாய்... அந்த ஊற்று ஊருக்கே தெரியும், ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது, இரண்டு பாறைக்கு நடுவே குனிந்து போனால்தான் கண்ணில் படும், அந்நியக் கண் பட்டால் அது பயந்து மண்ணுக்குள் போய்விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள், போகிறவர்கள் மூன்று கொக்கா இலையைப் பாறையடியில் வைத்துவிட்டுத்தான் குடத்தைச் சாய்ப்பார்கள். சுற்றிலும் எங்கே தோண்டினாலும் உப்புநீர், வாயில் வைக்க முடியாது, நாற்பது லாமாக்களும் பெலிப்பா அக்காவின் ஆடுகளும் உயிரோடு இருப்பது அந்த ஒரு கண்ணில் கசிகிற தண்ணீரால். தெரிந்தேதான் காட்டினாள். கம்பெனி கிணறு போடப்போகிறது, எங்கே போடக்கூடாது என்று எனக்குத் தெரிந்தால் இயந்திரத்தை அந்தப் பக்கமே வரவிட மாட்டேன் என்றான், நியாயமாகத்தானே இருந்தது, அதற்கும் முந்தின வாரம்தானே அவளும் பசிலியோவும் ரொட்டியும் ஒயினும் எடுத்துக்கொண்டு அவனிடம் போய், எங்கள் மகளுக்கு முதல் முடி நீங்கள் வெட்ட வேண்டும் என்று கேட்டார்கள், அவனும் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். ரொட்டியைத் தின்றவன் கும்பாதிரி, அவ்வளவுதான், அதற்குமேல் என்ன யோசிக்க இருக்கிறது, கும்பாதிரியிடம் தண்ணீரை மறைப்பது பெற்ற பிள்ளையை மறைப்பதற்குச் சமம். அவனும் பாறைக்கு நடுவே குனிந்து வந்தான், தொப்பியைக் கழற்றினான், அவள் சொல்லாமலே மூன்று இலை வைத்தான், அவன் அம்மாவும் மேட்டுநிலத்துக்காரிதானே, வழக்கம் தெரியாதவனில்லை. திரும்பும்போது சொன்னான், "நான் இங்க வரவே இல்ல, நிக்காசியாம்மா. என் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது." அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது. இப்போது நினைத்தால் அவமானமாக இருக்கிறது.

"இந்தா, பின்னி முடிச்சியா இல்லையா? இறைச்சி வெந்துரும் போலிருக்கு, உன் சீப்பு நகர மாட்டேங்குது" என்று வெளியே அடுப்புப் பக்கமிருந்து பசிலியோ குரல் கொடுத்தான். அவனுக்கு என்ன, காலையிலிருந்து சோளக் கள்ளு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, கம்பெனியின் ஆவியாக்கும் குளங்களில் காவல் வேலை, நிரந்தரம் ஆகப்போகிறது, என்ஜினீயர் கும்பாதிரி ஆகப்போகிறார், இரட்டை அதிர்ஷ்டம். கம்பியைப் பற்றி வந்ததும் வராததுமாக அவனிடம்தான் சொன்னாள். "கம்பி நட்டா என்ன, தண்ணி கம்பியிலயா ஏறிப் போயிரும்? நல்ல நாள் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத." அப்புறம் தானாகவே, இறைச்சியைத் திருப்பிக்கொண்டே, "ஒண்ணு தெரியுமா, ரெண்டாவது வரிசைக் குளமும் வருதாம். பணம் போடறவங்க தயங்கிக்கிட்டே இருந்தாங்களாம், குளத்துல எடுக்கிற வெள்ளைத் தூளைக் கழுவ நல்ல தண்ணி எங்க இருக்குன்னு காட்டுங்க, அப்புறம் பேசலாம்னு. இப்ப தண்ணி கிடைச்சிருச்சாம்." எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கிடைத்திருக்கலாம், கிழக்கே ஆற்றுப் படுகையில் கிடைத்திருக்கலாம், பூமி பெரியது, எல்லாத் தண்ணீரும் உன் தண்ணீரா என்ன... உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்பார்கள், இவர்கள் உப்பையும் தின்று அடுத்தவன் தண்ணீரையும் குடிக்கிறார்களே, இதற்கு எந்தச் சொலவடையைச் சொல்ல. நாடா தீர்ந்துவிட்டது, சிவப்பு கிடைக்கவில்லை, பச்சையை எடுத்தாள்.

பணம் போடுகிறவர்களை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பளபளக்கிற தொப்பியோடு வந்தார்கள், அவள் வைத்த லாமா இறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டார்கள், ஒருவன் உப்புக்கட்டியை நக்குவதுபோல் நின்று படம் எடுத்துக்கொண்டான், இன்னொருவன் வெளியைப் பார்த்துக் கையை விரித்து வெகுநேரம் பேசினான், ஹெர்மான் அதை அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான், "ரொம்ப அழகா இருக்குங்கிறார்." அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவு சின்ன அர்த்தமா என்று அப்போதே சிரிப்பு வந்தது. வந்தவனின் கை அவளுடைய பட்டிக்கு மேலேயே ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டுவதுபோல் போய் வந்தது, அதையும் பார்த்தாள், பார்த்தும் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஹெர்மான் பேசும்போது கேட்க நன்றாக இருக்கும். "உலகத்துக்கே காய்ச்சல், நிக்காசியாம்மா. எண்ணெயையும் நிலக்கரியையும் எரிச்சு எரிச்சு வந்த காய்ச்சல். உங்க காலடியில இருக்கிற லித்தியம்தான் மருந்து. இத வச்சு வண்டி ஓடும், புகை வராது, வெயிலையும் காத்தையும் பெட்டியில அடைச்சு ராத்திரிக்கு வச்சுக்கலாம்." பொய் என்று சொல்ல முடியுமா, அவள் கூரையிலேயே அவன் தந்த சூரியத்தகடு இருக்கிறது, இருட்டினால் விளக்கு எரிகிறது, மகள் அதன் கீழே உட்கார்ந்து வட்டம் வட்டமாக எதையோ வரைகிறாள். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுப்பது புண்ணியம்தான், அதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கிண்ணத்தைப் பிடுங்குவார்களா... மருந்து என்று சொன்னாயே, என் தொண்டையிலிருந்து எடுக்கிற மருந்து என்று சொன்னாயா.

பெலிப்பா அக்கா அன்றைக்கே சொன்னாள். பெரியம்மா மகள், வாய் அதிகம், மனசும் அதிகம். கம்பெனியைக் கிணறு போட விடலாமா என்று பேசக் கூடிய ஊர்க்கூட்டம், அதில் ஒருவர் மறுத்தாலும் முடிவு கிடையாது, எல்லாரும் ஒப்பும்வரை பேசவேண்டும், அன்றைக்கு மறுத்தவள் பெலிப்பா. "அந்த ஆளுக்குத் தண்ணி காட்டிட்டு வந்திருக்கியாமே. பார்த்துக்கிட்டே இரு, அவன் உனக்குத் தண்ணி காட்டுவான்." கூட்டம் சிரித்தது, நிக்காசியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, எழுந்தாள், ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், "நான் அவருக்கு ரொட்டி கொடுத்திருக்கேன்." அவ்வளவுதான், பேச்சு அடங்கிப்போயிற்று, ஒருத்தியின் கும்பாதிரியை அவள் முகத்துக்கு நேரே சந்தேகப்பட யாருக்கு வாய் வரும், தலைகள் ஒவ்வொன்றாக ஆடின, கடைசியில் பெலிப்பாவும் தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றாள். வெளியே வந்து, "உன் ரொட்டிய நம்பித்தான் ஒத்துக்கிட்டேன், அவன் படிப்ப நம்பி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை, இன்றைக்கும் வரமாட்டாள். அவள் ஆடுகள் மட்டும் அந்த ஊற்றுக்குத் தினம் வருகின்றன, இன்று வந்திருந்தால் அக்காவும் கம்பியைப் பார்த்திருப்பாள். பார்த்திருப்பாளோ... பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்றால் அது ஏசுவதைவிட மோசம்.

கேட்டுவிட வேண்டும், வந்ததும் கேட்டுவிட வேண்டும், தனியாகக் கூப்பிட்டு, முடிவெட்டுக்கு முன்னால். அவன் சிரிப்பான், அட அது நானா, அளக்கிறவர்கள் தெரியாமல் நட்டிருப்பார்கள், நாளைக்கே பிடுங்கச் சொல்கிறேன் என்பான், அவள் வெட்கப்படுவாள், எல்லாம் சரியாகிவிடும். அவன் நல்லவன், லுஸ்மிலாவுக்கு ஆரஞ்சு இல்லாமல் வரமாட்டான், அவளுக்கு நெஞ்சுச்சளி கட்டியபோது பனியில் வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான், அன்றைக்கு அவன் கன்னம் ஈரமாக இருந்ததை இவள் கண்ணால் பார்த்தாள். கார்னிவலுக்கே முடிவெட்டு நடந்திருக்க வேண்டியது, துளை போடுகிற வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றான், சரி, ஆகஸ்ட் மாதம் பூமித்தாய்க்குப் படையல் போடும்போது வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், மேலதிகாரிகள் வருகிறார்கள் என்றான், ஈஸ்டருக்கு என்றார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றான். பிள்ளையின் முடியோ இடுப்பைத் தொட்டது, ஊரில் கேலி, இந்த முடி உன் கும்பாதிரி வருவதற்குள் தரையைக் கூட்டிவிடும் என்று. அப்புறம் போன வாரம் அவனாகவே ஆள் விட்டான், இந்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம், நான் தயார் என்று. அவளுக்கு எவ்வளவு சந்தோஷம். ஊரெல்லாம் அவனை உன் கும்பாதிரி உன் கும்பாதிரி என்று சொன்னாலும் அவன் மட்டும் இன்றுவரை அவளை நிக்காசியாம்மா என்றுதான் கூப்பிடுகிறான், கும்பாதிரி பிள்ளையின் தாயை அழைக்கிற குமாதிரி என்ற சொல் ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை, அதையும் அவள் பெருமையாகத்தான் பசிலியோவிடம் சொன்னாள், பாரு, முறை தெரிந்த ஆள், கத்தரிக்கோல் விழுகிறவரை அந்தச் சொல்லைத் தொடமாட்டார் என்று. கடைசிப் பின்னலைக் கட்டி முடித்தபோது நாய்கள் குரைத்தன.

வண்டி பட்டிக்கு வெளியே நின்றது, நடுப்பகல் காற்று ஆரம்பித்துவிட்டிருந்தது, உப்புத்தூள் எல்லார் கண்ணிலும். ஹெர்மான் இறங்கினான், புதுச் சட்டை, மழித்த முகம், பின்னாலிருந்து ஒரு வெள்ளை லாமாக் குட்டியை இறக்கினான், அதன் காதில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம், முறைப்படி ஞானத்தகப்பன் தரவேண்டிய சீர், ஒரு குறை வைக்கவில்லை. லுஸ்மிலா பின்னல்கள் குதிக்க ஓடினாள், அவன் அவளை ஒரு கையால் தூக்கிக்கொண்டான். நிக்காசியா கத்தரிக்கோலை வெள்ளைத் துணியால் மூடிய தட்டோடு வாசலில் நின்றாள், தனியாகக் கூப்பிட வேண்டும், முதல் வார்த்தை என்ன, அந்தக் கம்பி... என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துட்டேன், குமாதிரி" என்றான். பசிலியோவுக்குத் தலைகால் புரியவில்லை, "கேட்டீங்களா எல்லாரும், ஐயா வாயில இன்னிக்குத்தான் வந்திருக்கு" என்று கள்ளுக் குவளையைத் தூக்கினான், கூட்டம் கைதட்டியது. அவளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. இனி கேட்க ஒன்றுமில்லை. ஊற்றை அவன் கம்பெனிக்குக் காட்டி முடித்துவிட்டான். கார்னிவலுக்கும் ஆகஸ்டுக்கும் ஈஸ்டருக்கும் அவன் வராதது வேலையால் இல்லை, முடியை வெட்டிவிட்டால் அப்புறம் அதைச் செய்ய முடியாது என்று அவனுக்குத் தெரியும், அவளைவிட நன்றாகத் தெரியும், அவள் ரொட்டியிலிருந்து உறவை எண்ணினாள், அவன் கத்தரிக்கோலிலிருந்து எண்ணினான், நடுவில் கிடந்த காலத்தில் கணக்காக வேலையை முடித்துக்கொண்டு, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வந்து நிற்கிறவனைப்போல, லேசாக, சந்தோஷமாக நிற்கிறான். நடிப்பும் இல்லை. பிள்ளையைப் பார்க்கிற அந்தக் கண்ணில் ஆசை இருக்கிறது, உண்மையிலேயே கும்பாதிரி ஆக ஆசைப்படுகிறான், இனி அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யமாட்டான், பொய் சொல்லமாட்டான், நிச்சயம். பொய்யனாக இருந்திருந்தால் காறித் துப்பிவிடலாமே. "ம், குடு நிக்காசியா, காத்து ஏறுது" என்றான் பசிலியோ, ஹெர்மான் கையை நீட்டினான், அவள் விரல்கள் துணியின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தன. கொடுத்தால் இவன் கும்பாதிரி, கும்பாதிரி செய்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, பெலிப்பாவிடம்கூட. கொடுக்காவிட்டால் இவன் யாரோ ஒருவன்தான், அப்படியானால் அன்றைக்கு அவள் ஊற்றைக் காட்டியது யாருக்கு?